மூன்றாம் நாள் தடுமாறும் நாடி: இதய சத்திரசிகிச்சையும் ஊவாத் தோட்டத்து மக்களும்

(பதுளையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இதய ஒபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ லயத்துக்குச் செய்தி வரும். வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். மூன்றாம் நாள் இன்னொரு செய்தி வரும்: "நெஞ்சு தாறுமாறா அடிக்குதாம், திரும்பவும் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போயிட்டாங்களாம்." கேட்டவர்கள் இடிந்து போவார்கள். ஒபரேஷன் சரிவரவில்லை என்பார் ஒருவர். டொக்டர்மார் ஏதோ மறைக்கிறார்கள் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருப்பதில்லை. இதய சத்திரசிகிச்சைக்குப் பின் மிக அதிகமாக வரும் சிக்கலே இந்தத் துடிப்புப் பிசகுதான். யாருக்கு அது வரும் வாய்ப்பு அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். ஓரளவுக்குத் தடுக்கவும் செய்யலாம்.

இன்று நான் வலியுறுத்த வந்தது ஒன்றுதான். அபாயக் காரணிகளைச் சத்திரசிகிச்சைக்கு முந்திய வாரத்தில் மட்டும் தேடுவது போதாது. ஊவாத் தோட்டத்து நோயாளிக்கு அவை இருபது, முப்பது வருடங்களுக்கு முன்பே, லயத்துக் காம்பராவில் சேரத் தொடங்கியிருக்கும்.

மூன்றாம் நாள் நடப்பது என்ன

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இதயத்துக்கு மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். வலச் சோணையறையில் பிறக்கும் மின்தூண்டல் ஒழுங்காகப் பரவினால் மேலறைகள் முதலில் சுருங்கும், கீழறைகள் அடுத்துச் சுருங்கும். சோணையறைத் தசை வீங்கியோ வடுப்பட்டோ இருந்தால் அந்த ஒழுங்கு கெடும். மலையில் வெட்டிய கான் நெடுகத் தூர்ந்து கிடந்தால் மழைத்தண்ணீர் போன வழி போகாமல் இடையிடையே சுழன்று திரும்புமல்லவா, அதுபோல மின்தூண்டல் வடுவில் முட்டித் திரும்பிச் சுழலும். மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை வெறுமனே நடுங்கும். அவற்றில் எத்தனை தூண்டல் கீழே இறங்கும், எப்போது இறங்கும் என்பதற்குக் கணக்கே இராது. நாடி ஒழுங்கில்லாமல், பெரும்பாலும் வேகமாகவும், ஓடும். இதற்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்று பெயர். சோணையறை நடுக்கம் என்று சொல்லிக்கொள்வோம்.

இதயக் குழாய் அடைப்புக்கு பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இது வருகிறது. வால்வு சத்திரசிகிச்சையும் சேர்ந்தால் வீதம் இன்னும் கூடும். சத்திரசிகிச்சை முடிந்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் பெரும்பாலும் தொடங்கும். அதற்குக் காரணம் உண்டு. கத்தி பட்ட இதயத்தைச் சுற்றி அழற்சி உச்சத்துக்கு வருவது அந்த நாட்களில்தான். உடம்பில் அட்ரினலின் கூடியிருக்கும். இதயத்தைச் சூழ்ந்த பையில் கொஞ்சம் இரத்தமும் நீரும் தேங்கியிருக்கும். சிறுநீர் நிறையப் போவதால் பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கியிருக்கும்.

முன்பு துடிப்பு ஒழுங்காக இருந்த அநேகருக்கு இது சில நாட்களில், அல்லது சில வாரங்களில், அடங்கிவிடும். அதற்காக இதை அலட்சியம் செய்ய முடியாது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகும்; அது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஒருமுறை வந்தவருக்குப் பின்னாளில் மறுபடி வரும் வாய்ப்பும் அதிகம்.

ஏட்டில் உள்ள பட்டியல்

சத்திரசிகிச்சை எல்லோருக்கும் ஒன்றுதான், அழற்சியும் ஒன்றுதான். அப்படியிருக்க ஒரு கட்டிலில் இருப்பவருக்குத் துடிப்பு கெடுகிறது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கெடவில்லை. ஏன்?

2004 ஆம் ஆண்டு வெளிவந்த பெரிய ஆய்வொன்று இதற்கு விடை தேடியது. 17 நாடுகளின் 70 மருத்துவ நிலையங்களில் பைபாஸ் செய்துகொண்ட 4,657 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 32 சதவீதத்தினருக்குச் சோணையறை நடுக்கம் வந்தது. எல்லாவற்றிலும் வலுவான காரணியாக வயது நின்றது. ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் வாய்ப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு கூடியது. முன்பே இந்த நடுக்கம் வந்திருத்தல், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பைபாஸோடு வால்வு சத்திரசிகிச்சையும் சேர்தல் ஆகியவை அடுத்து வந்தன. இன்னொன்றும் இருந்தது. அட்ரினலினின் வேகத்தை அடக்கும் பீட்டா புளொக்கர் குளிசையை முன்பு எடுத்துக்கொண்டிருந்து, சத்திரசிகிச்சைக்குப் பின் நிறுத்திவிட்டவர்களுக்கு வாய்ப்பு தெளிவாகக் கூடியது. பிற ஆய்வுகள் உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், சிறுநீரக நோய், பெருத்த இடச் சோணையறை, மிதமிஞ்சிய மது ஆகியவற்றையும் சேர்க்கின்றன.

இந்தப் பட்டியலை நம் மலைகளுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். நுரையீரல் அடைப்பு நோய் என்றதும் பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களைத்தான் நினைக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், புகைபோக்கி சரியில்லாத அடுப்பில், ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த பெண்ணின் நுரையீரலும் அதே பாடுதான் படுகிறது. "நீங்க சிகரெட் குடிப்பீங்களா?" என்ற கேள்விக்கு அந்த அம்மா "இல்லீங்க" என்று உண்மையைத்தான் சொல்வார். கிளினிக் கொப்பியில் காரணி இல்லையென்று பதிவாகும். அடுப்பைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மதுவும் அப்படித்தான். கசிப்பு குடிப்பதை டொக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறவர், வாட்டில் சேர்ந்த அன்றோடு அதைத் திடீரென்று நிறுத்துகிறார். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. சத்திரசிகிச்சையின் மூன்றாம் நாளும் அதனோடு வந்து சேரும். முன்கூட்டியே தெரிந்தால் தயார் செய்யலாம். கேட்கிறவர் முகம் சுளிக்காமல் கேட்டால்தான் அது தெரியவரும்.

பட்டியலில் அகப்படாத பெண்

இந்தப் பட்டியலில் ஒரு குறையும் இருக்கிறது. அது பைபாஸுக்கு வந்தவர்களை, அதாவது பெரும்பாலும் அறுபதை ஒட்டியவர்களை, வைத்து உருவானது. அதை அப்படியே பிடித்துக்கொண்டால், நம் தோட்டங்களில் அபாயம் மிகுந்த ஒருவர் குறைந்த அபாயம் உள்ளவராகத் தெரிவார்.

பசறைக்கும் மடுல்சீமைக்கும் இடையில் உள்ள தோட்டமொன்றில் வளர்ந்த ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் தனியொருவர் அல்லர்; நோயாளிகள் பலரின் கதையைச் சேர்த்து நான் சொல்லும் உரு. ஒன்பது வயதில் தொண்டை நோவு. அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார், நாலு நாளில் சரியாயிற்று. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. "வளர்ற வயசுல வர்ற வலிதான்" என்று எண்ணெய் தடவினார்கள். அதுவும் போயிற்று. வந்து போனது வாதக்காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி தொண்டைக்கு வரும்போது அதை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பின் படை, இதயத்தின் வால்வுகளையும் கிருமியென்று மயங்கித் தாக்குகிறது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள்ளேதான் இது மிகுதி. நெருக்கமாகப் படுத்துறங்கும் வீடுகளில் கிருமி ஒரு தொண்டையிலிருந்து மறு தொண்டைக்கு எளிதாகப் போகும். ஒரே காம்பராவில் ஆறு பேர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் இட இதயத்தின் இருகூர் வால்வு மெல்ல மெல்லத் தடித்து ஒட்டிக்கொள்கிறது. 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வரை திறக்க வேண்டிய வாசல் ஒன்றரைக்கும் கீழே சுருங்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. கொழுந்துக்குப் போகிறார், மலை ஏறுகிறார். முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதுதான் மூச்சு வாங்குகிறது. கர்ப்ப காலத்தில் உடம்பின் இரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. குறுகிய வாசலால் அதைத் தாங்க முடிவதில்லை. நம் தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகை சாதாரணம் என்பதால் "இரத்தம் பத்தலை" என்று இரும்புச்சத்துக் குளிசையோடு விஷயம் முடிந்துவிடும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டிருந்தால் குறுகிய வால்வின் முரல் ஒலி அகப்பட்டிருக்கும்.

இந்த வருடங்கள் முழுக்க, வாசலுக்கு மேலேயுள்ள இடச் சோணையறை தேங்கும் இரத்தத்தைத் தள்ளித் தள்ளிப் பெருக்கிறது. அதன் தசைக்குள் நார் படிகிறது. முப்பத்துநாலு வயதில் வால்வை மாற்றப் போகும்போது, வயதைப் பார்க்கிற அட்டவணை அவரை இளையவர் என்று மதிப்பிடும். சோணையறையை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவோ வேறு கதை சொல்லும். இந்த நிலையில் பலருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே நடுக்கம் வந்தும் போயும் இருக்கும். "சிலநேரம் நெஞ்சு படபடங்கும், உட்கார்ந்தா சரியாயிடும்" என்று அவர் சொல்வதை வைத்தே அதை ஊகிக்கலாம்.

உலகில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வாதக்காய்ச்சலால் பழுதுபட்ட இதயத்தோடு வாழ்கிறார்கள். 2018 இல் உலக சுகாதாரப் பேரவை இதற்கென்றே தீர்மானம் நிறைவேற்றியது. பணக்கார நாடுகளில் அருகிப்போன நோய் என்பதால், அந்நாடுகளில் எழுதப்படும் அபாயப் பட்டியல்களில் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

பர்ன்லி டொக்டரின் பொறுமை

சோணையறை நடுக்கத்தை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாற்றிலும் இப்படியொரு பெண்ணுக்கு முக்கிய பங்குண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் பர்ன்லி என்பது பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த தொழிலாளர் நகரம். ஜேம்ஸ் மெக்கன்சி 1879 முதல் 1907 வரை அங்கே சாதாரணக் குடும்ப டொக்டராக இருந்தார். 1880 இல் வாதக்காய்ச்சலோடு வந்த ஒரு பெண்ணை அவர் விடாமல் பார்த்து வந்தார். இருகூர் வால்வு சுருங்கி வருவதைக் காதால் கேட்டுக் குறித்துவைத்தார். உள்ளூர்க் கடிகாரக்காரர் ஒருவரின் உதவியோடு, நாடியின் அசைவையும் கழுத்து நாளத்தின் அசைவையும் ஒரே சமயத்தில் காகிதத்தில் வரையும் கருவியையும் பின்னர் அமைத்துக்கொண்டார். 1898 இல் அந்தப் பெண்ணின் நாடி திடீரென்று ஒழுங்கு தப்பியது. மேலறை சுருங்கும்போது எழ வேண்டிய அலை கழுத்து நாளத்தில் காணாமற்போனது. அதுவரை கேட்ட முரல் ஒலியின் ஒரு பகுதியும் மறைந்தது. சோணையறை வேலைநிறுத்தம் செய்துவிட்டது என்று அவர் சரியாகவே ஊகித்தார். 1909 இல் லண்டனில் தோமஸ் லூயிஸ் ஈசிஜி கருவியின் துணையோடு அது நடுக்கமே என்று உறுதிப்படுத்தினார்.

பெரிய பல்கலைக்கழகங்கள் கவனிக்காததை பர்ன்லி கவனித்தது. காரணம், அங்கே ஒரே டொக்டர் அதே நோயாளியைப் பதினெட்டு வருடம் பார்த்தார். நம் தோட்ட மருந்தகங்களுக்கு இன்றும் அந்த வாய்ப்பு இருக்கிறது. தாயையும் மகளையும் பேத்தியையும் அறிந்த மருத்துவ உத்தியோகத்தர்களும் குடும்பநல மாதரும் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். கண்டி நிபுணருக்கு நோயாளியைத் தெரிந்திருப்பது ஒரு வாரம். உங்களுக்கு ஒரு வாழ்நாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் வாதக்காய்ச்சல் பென்சிலின் வருவதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. வீடு பெரிதானதும், ஒரு படுக்கையில் உறங்குவோர் தொகை குறைந்ததும் அதற்கு முக்கிய காரணங்கள். லயத்துக்குப் பதில் தனிவீடு என்ற கோரிக்கையை அரசியல் மேடைக்குரியதாகவே கருதிப் பழகிவிட்டோம். இதய வைத்தியத்திலும் அதற்கு இடமுண்டு.

ஒபரேஷனுக்குப் போகும் வழியில்

பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை சுமார் 290 கிலோமீற்றர். அந்தப் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது நடக்கும் ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம், எல்லாம் அங்கேயே குடுப்பாங்க" என்று பழைய குளிசைகளை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். அவற்றில் பிஸோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், அட்டெனோலோல் என்ற பெயர்களில் பீட்டா புளொக்கரும் இருக்கலாம். அதைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்த அட்ரினலினின் ஆட்டம் பன்மடங்காகும். ஆகவே குளிசை உறைகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அங்குள்ள டொக்டர் தீர்மானிக்கட்டும். நான் சொல்லும் காரணிகளில் செலவே இல்லாமல் மாற்றக்கூடியது இதுதான்.

மூச்சு வாங்குகிறவர்களுக்கு நீர் இறக்கக் கொடுக்கும் குளிசை பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே இறக்கும். இரத்தப் பரிசோதனையில் அதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தைரொயிட் மிகைச் சுரப்பும் சோணையறையை நடுங்க வைக்கும். கழுத்தில் வீக்கமோ காரணமில்லாத மெலிவோ இருந்தால் அதையும் சோதிக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை மேசையிலும் செய்யக்கூடியவை உண்டு. இதயத்தைச் சூழ்ந்த பையின் பின்புறம் இடப்பக்கமாக ஒரு சிறு கீறல் போட்டு, தேங்கும் நீர் நெஞ்சுக்கூட்டுக்குள் வடிய விட்டால் என்ன ஆகும் என்று நியூயோர்க்கில் 420 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2021 இல் வந்த முடிவு: கீறல் போடாதவர்களில் 32 சதவீதத்தினருக்கு நடுக்கம் வந்தது, போட்டவர்களில் 17 சதவீதத்தினருக்கு மட்டுமே. முன்பே நடுக்கம் நிலைத்துவிட்டவர்களுக்கு, சோணையறையில் திட்டமிட்ட வடுக்களை உண்டாக்கிச் சுழலும் மின்தூண்டலை மறிக்கும் முறையைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் கொக்ஸ் 1987 இல் தொடங்கினார். வால்வு மாற்றும்போதே அதையும் செய்யலாம். இவை நிபுணர்களின் முடிவுகள். ஆனால் நடுக்கம் முன்பு வந்ததா, எப்போது தொடங்கியது என்ற தகவல் அவர்களுக்குத் தோட்டத்திலிருந்துதான் போக வேண்டும்.

வீடு திரும்பிய பின்

நாடி பார்ப்பது எப்படி என்று இப்போதே செய்து பாருங்கள். இடக்கை உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். பெருவிரலின் அடிப்பக்கம், மணிக்கட்டில், வலக்கையின் மூன்று விரல்களைப் பதியுங்கள். பெருவிரலால் பார்க்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையைக் காட்டிலும் இடைவெளியைக் கவனியுங்கள். இளையவர்களுக்கு மூச்சை இழுக்கும்போது சற்று விரைந்து, விடும்போது சற்றுத் தணியும், அது இயல்பு. சோணையறை நடுக்கத்தில் அப்படி எந்த ஒழுங்கும் இராது. ஒன்று பலமாக அடிக்கும், அடுத்தது மெலிந்து வரும், பிறகு இரண்டு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணினால் 120, மணிக்கட்டில் 95 என்று வித்தியாசமும் காட்டும். பலமில்லாத துடிப்புகள் கைவரை வந்து சேர்வதில்லை. ஈசிஜி இல்லாத இடத்தில் சந்தேகப்பட இதுவே போதும். உறுதிசெய்ய ஈசிஜிக்கு அனுப்புங்கள்.

உலோக வால்வு பொருத்தியவர்களும், வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்கி நடுக்கம் உள்ளவர்களும், இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் வோர்பரின் குளிசையை விடாமல் எடுக்க வேண்டும். வால்வுச் சுருக்கமும் நடுக்கமும் சேர்ந்தவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 17 மடங்கு என்று அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்வு 1978 இல் காட்டியது. புதிதாக வந்த இரத்தக்கட்டித் தடுப்புக் குளிசைகள் வசதியானவைதான். ஆனால் இத்தகைய நோயாளிகளிடம் 2022 இல் வெளியான ஆய்வில் பழைய வோர்பரின் வகையே மேலாக நின்றது.

வோர்பரின் எடுப்பவருக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை அடிக்கடி வேண்டும். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அதற்காகப் பதுளைக்கு வருகிறவருக்கு அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போகும், பஸ் காசு வேறு. வேலைப் பெரட்டுக்கு நின்றால் சம்பளம், கிளினிக்குக்கு வந்தால் நட்டம் என்ற நிலையில் அவர் இரண்டு மாதம் வராமலிருந்தால் பொறுப்பில்லாதவர் என்று கொப்பியில் எழுதிவிடுவது எளிது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் இம்மாவட்டத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் துண்டித்ததைக் கண்டோம். மழைக்காலத்துக்கு முன் ஒரு மாதக் குளிசை கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது இத்தகைய நோயாளிக்கு உயிர்க்காரியம்.

கீரையைப் பற்றிய குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணியில் உள்ள விற்றமின் கே வோர்பரினின் வேலையைக் குறைக்கும் என்றதும் கீரையையே நிறுத்திவிடுகிறார்கள். சோறும் ரொட்டியும் உண்ணும் குடும்பத்தில் கீரையையும் விலக்கினால் மிஞ்சுவது என்ன? கீரை உண்ணலாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக உண்டால், குளிசையின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். முகம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ மறுநாள் கிளினிக்குக்குக் காத்திராமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

செய்யக்கூடியவை

மூன்று காரியங்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். முதலாவது, பள்ளிப் பிள்ளைகளின் தொண்டை நோவைச் சாதாரணமாக விடாதீர்கள். காய்ச்சலோடு வந்தால் மருந்தகத்துக்கு அனுப்புங்கள். வாதக்காய்ச்சல் என்று உறுதியான பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி தவறாதபடி ஆசிரியரும் மருத்துவ உத்தியோகத்தரும் ஒரே பெயர்ப்பட்டியலை வைத்திருங்கள். இரண்டாவது, கர்ப்பிணிக்கு மூச்சு வாங்குகிறது என்றால் இரும்புச்சத்துக் குளிசையோடு நிறுத்தாமல் நெஞ்சைக் கேட்டுப் பாருங்கள்; ஒலி சந்தேகமாக இருந்தால் எக்கோவுக்கு அனுப்புங்கள். நேரத்தோடு பிடித்தால் 1984 இல் ஜப்பானின் இனூவே அறிமுகப்படுத்திய பலூன் முறையால், நெஞ்சைத் திறக்காமலேயே பலருக்கு வால்வை விரிக்கலாம். சோணையறை பெருக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாவது, கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாடி ஒழுங்கா இல்லையா, படபடப்பு எப்போதாவது வந்ததா, அடுப்புப் புகை, மது, எடுக்கும் குளிசைகளின் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். நோயாளி மலை இறங்கும்போது அந்தப் பக்கமும் கூடவே போகட்டும்.

இந்த அறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு பகுதியை ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு வருவோரின் பஸ் செலவுக்கும் இழந்த நாட்சம்பளத்துக்கும் ஒதுக்க முடியுமா என்று நிருவாகிகளைக் கேட்டு அமர்கிறேன்.